காருக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு?

நெடுஞ்சாலைச் செலவில் எந்த வண்டிக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடும் வேலையை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1937-இலேயே தொடங்கிவிட்டது. இலகு வண்டிகளும் கனரக வண்டிகளும் தங்களால் ஆகும் செலவுக்கேற்ற நியாயமான பங்கைத் தரவேண்டும் என்று அதன் அரசியலமைப்பே சொல்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் புதிதாகப் போடுகிறார்கள்.

முதலில் வரவிருக்கும் ஈராண்டுச் செலவை இனம் பிரிக்கிறார்கள்: புதுச் சாலை, மேல்தளம் புதுப்பித்தல், பாலம், அறிவிப்புப் பலகை, நிர்வாகம். அடுத்து, எந்த எடை வண்டி எத்தனை மைல் ஓடும் என்று மதிப்பிடுகிறார்கள்.

பிறகுதான் பங்கீடு. சாலைத் தேய்மானத்தில் பார்க்கவேண்டியது வண்டியின் மொத்த எடையை அல்ல, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடையை. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே சோதனைச் சாலை போட்டு, அதில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் எடை கூடினால் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்பது அதில் கிடைத்த விதி. கார் அச்சு 2,000 பவுண்டு, லாரி அச்சு 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை ஒன்பது மடங்குதான்; சேதமோ 9×9×9×9, அதாவது 6,561 மடங்கு. அதே சரக்கைக் கூடுதல் அச்சுகளில் பரப்பி ஏற்றினால் சாலை பிழைக்கும். 80,000 பவுண்டைத் தாண்டும் லாரிகளில் அச்சு கூடக்கூட ஓரிகன் வரியைக் குறைப்பது அதனால்தான். மிகச் சரியான ஏற்பாடு இது.

பாலத்துக்கு வழி வேறு. இலகு வண்டிகளை மட்டும் தாங்கும் பாலத்துக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்ப்பார்கள்; அந்தத் தொகை எல்லோர் தலையிலும் விழும். அதற்குமேல் பலம் கூட்ட ஆகும் செலவு, அந்தப் பலம் தேவைப்படும் கனரக வண்டிகளுக்கு மட்டுமே.

பலகை, நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்குச் சேதக் கணக்கு உதவாது. அவற்றை ஓடிய மைல்படி பிரிக்கிறார்கள். வாதத்துக்கு இடம் தருவது இந்தப் பகுதிதான் என்பேன்: அளவுகோலை மாற்றினால் பங்கும் மாறிவிடும்.

கடைசியில் வரவைச் சேர்க்கிறார்கள். கார்க்காரர் பெட்ரோல் வரியாகக் கட்டுகிறார். 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகள் டீசல் வரிக்குப் பதிலாக எடையையும் ஓடிய மைலையும் வைத்து வரி கட்டுகின்றன. ஒரு பிரிவின் வரவுப் பங்கைச் செலவுப் பங்கால் வகுத்து விடை 1 வந்தால் நியாயம். கூடினால் அந்தப் பிரிவு அதிகம் கட்டுகிறது. அப்போது சட்டமன்றம் வரி விகிதத்தைத் திருத்த வேண்டும். அண்மை ஆய்வுகளில் லாரிகளின் விடை 1-ஐத் தாண்டியே வந்தும் விகிதம் உரிய அளவுக்கு இறங்கவில்லை. லாரித் தொழிலினர் 2024-இல் வழக்குத் தொடுத்தார்கள்.