ஏலச்செடிக்குள்ளும் அதே புரதம்

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். செடி ஆளை விட உயரம். காயோ தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் இருக்கும். விளைந்ததை மட்டும் கிள்ளிவிட்டு, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விடுவார்கள். எது விளைந்தது என்று கண் பார்த்து விரல் நகர்வதற்குள், காய் எடுக்கும் பெண்ணின் மூளையில் எத்தனையோ நரம்பணுக்களுக்குள் கால்சியம் புகுந்து வெளியேறியிருக்கும். பக்கத்துச் செடியைப் புழு கடித்தால் அங்கும் செல்லுக்குள் கால்சியம்தான் ஏறுகிறது.

இரண்டு இடத்திலும் கால்சியம் கொண்டுவரும் சேதியைப் படிப்பது கால்மோடுலின் என்ற புரதம். 1970-இல் ஜப்பானில் ககியூச்சியும் அமெரிக்காவில் சியூங்கும் தனித்தனியாக மூளைத் திசுவில் இதன் தடத்தைக் கண்டார்கள். மனிதனுடையதில் 148 அமினோ அமிலங்கள். தாவரத்தினுடையதை அருகில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அப்படியே பொருந்துகிறது. நாமும் செடிகளும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனக்குத் தெரிந்து ஏலக்காயின் மணத்தை விடப் பெரிய அதிசயம் இதுதான்.

ஓய்வாக இருக்கும் செல்லுக்குள் கால்சியம், வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல்லின் கதவு திறந்து அது உள்ளே பாய்ந்ததும் கால்மோடுலினின் நான்கு பைகளும் ஆளுக்கு ஒரு கால்சியம் அயனியைப் பிடிக்கின்றன. கெண்டை மீன் தசையின் புரதம் ஒன்றில் இந்தப் பையை முதலில் பார்த்த கிரெட்சிங்கர், அதை விரித்த கட்டைவிரலும் சுட்டுவிரலுமாக வர்ணித்தார். பிடித்தவுடன் புரதம் உருமாறி, அதுவரை மறைந்திருந்த எண்ணெய்ப்பசை உள்ள பரப்பு வெளியே வருகிறது. அதைக் கொண்டு வேறு நொதிகளைப் பற்றி வேலைக்கு ஏவுகிறது.

முன்பு இதை மாட்டு மூளையிலிருந்து பிரித்தார்கள். இப்போது மனித மரபணுவை ஈகோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தி, 37 டிகிரியில் வளர்த்து, செல்லை உடைக்கிறார்கள். சாற்றைச் சூடாக்கினால் பாக்டீரியாவின் புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து அடியில் தங்கும், கால்மோடுலின் அசையாது. பிறகு கால்சியம் சேர்த்து, எண்ணெய்ப்பசையை ஈர்க்கும் மணிகள் நிறைந்த குழாயில் ஊற்றுகிறார்கள். புரதம் ஒட்டிக்கொள்ளும். கால்சியத்தைப் பிடுங்கும் ஈஜிடிஏ கரைசலை விட்டால் பிடி தளர்ந்து தூய்மையாக இறங்கிவிடும். செல்லுக்குள் அது செய்யும் வேலையே இங்கே அதைப் பிரிக்கவும் உதவுகிறது.

எதற்கு இத்தனை பாடு? நம்மிடம் மூன்று மரபணுக்கள் இதே புரதத்தைச் செய்கின்றன. அவற்றில் ஒன்றில் ஓர் எழுத்து பிசகினாலும் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறலாம் என்பது 2012-இல் தெரியவந்தது. பிசகிய புரதத்தையும் பாக்டீரியாவில் தயாரித்து, நல்லதோடு ஒப்பிட்டால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தில் யோகேந்திர சர்மாவின் குழு, மூளையிலும் கணையத்திலும் உள்ள, கால்மோடுலினின் உறவுக்காரப் புரதமான செக்ரடாகோகினை ஆராய்ந்து, அது இன்சுலினோடு நேரடியாகப் பிணைகிறது என்று 2019-இல் வெளியிட்டது.

இப்படிப் பிரித்தெடுக்கும் கால்மோடுலின் ஆய்வகத்துக்கு மட்டுமே, விழுங்குவதற்கு அல்ல. கால்சியம் பிடிக்கும் ஜெல்லிமீன் புரதத்தை ஞாபகசக்தி மாத்திரையாக விற்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது அரசு 2017-இல் வழக்குத் தொடுத்தது. விழுங்கிய புரதம் வயிற்றிலேயே செரித்துவிடும். அப்படியொரு மாத்திரை நம்மூர்க் கடைக்கு வந்தால் வாங்காதீர்கள்.