கார்டு போட்டதும் பூட் ஆகத் தாமதமா? ஃபார்மட் அடிக்காதீர்கள்

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் ஹார்ட் டிஸ்க் சேர்ந்துகொண்டே போகும். மதர்போர்டில் இருக்கும் 4 சாட்டா போர்ட்டும் நிறைந்துவிட்டால், சென்னை ரிச்சி தெருவில் 6 போர்ட் உள்ள ஒரு சாட்டா கார்டை வாங்கிவந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் சொருகிவிடுவார்கள். டிஸ்க்குகள் எல்லாம் தெரியும், காப்பியும் ஒழுங்காக ஓடும். ஆனால் அரை நிமிடத்தில் எழுந்துகொண்டிருந்த சிஸ்டம், இப்போது ஆன் செய்ததும் இரண்டு மூன்று நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "விண்டோஸ் ஸ்லோ ஆயிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சிடலாம்."

உடனே சம்மதித்துவிட வேண்டாம். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே நேரம் வீணாகிறது என்றால், அதை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் ஒரு விநாடிகூடக் குறையாது. நேரம் எந்த இடத்தில் போகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்கு முன் எதையும் மாற்றாதீர்கள்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் போதும். ஆன் பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வரும்வரை ஒரு பகுதி. அங்கிருந்து பாஸ்வேர்டு கேட்கும்வரை அடுத்தது. பாஸ்வேர்டு போட்டபின் டெஸ்க்டாப் கைக்கு வரும்வரை கடைசி. முதல் பகுதி பெரும்பாலும் மதர்போர்டின் பயாஸ் செய்யும் வேலை; விண்டோஸுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் சிஸ்டம் என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று விநாடிக் கணக்கு இருக்கும். 10, 20 விநாடி என்றால் கவலையில்லை. 90 என்று காட்டினால் குற்றவாளி விண்டோஸுக்கு வெளியே இருக்கிறது. லினக்ஸில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்ற கட்டளை இன்னும் தெளிவு: ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், யூசர்ஸ்பேஸ் என்று தனித்தனியாக நேரத்தைப் பிரித்துத் தந்துவிடும்.

அளக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் சிஸ்டம் முழுமையாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுமுறை அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் ரீஸ்டார்ட் கொடுத்து அளந்தால்தான் முழு பூட் நேரம் தெரியும். அடுத்தது, டிடிஆர்5 ரேம் உள்ள போர்டுகளில் கார்டு மாற்றி, மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தபின் வரும் முதல் பூட்டில் ரேமை மறுபடி பழக்கிக்கொள்ளும் வேலை நடக்கலாம். அது சில நிமிடம்கூட எடுக்கும். இரண்டு மூன்று முறை பூட் செய்து, தாமதம் தொடர்ந்தால் மட்டும் மேலே போங்கள்.

இனி கேபினெட்டைத் திறக்கலாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமிருக்கும் மின்சாரம் போக ஆன் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். கார்டு இல்லாமல் ஒருமுறை அளங்கள். பிறகு கார்டை மட்டும், டிஸ்க் எதுவும் மாட்டாமல் சொருகி அளங்கள். அதன்பின் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு ஈடான சோதனை வேறில்லை. வெறும் கார்டுக்கே நேரம் ஏறினால் கோளாறு கார்டிலோ அதற்கான பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட டிஸ்க் சேர்ந்ததும் ஏறினால் அந்த டிஸ்க்கையோ அதன் கேபிளையோ பார்க்க வேண்டும்.

வெறும் கார்டே நேரத்தைத் தின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆப்ஷன் ராம். கார்டுக்குள் ஒரு சிறு சிப்பில் அதற்கென ஒரு புரோகிராம் இருக்கும். பயாஸ் எழும்போது அதைத் தேடிப் பிடித்து ஓடவிடும். 1980களின் ஐபிஎம் பிசியிலிருந்து வரும் ஏற்பாடு இது. நினைவகத்தின் ஒரு பகுதியை 2 கேபி இடைவெளியில் பார்த்துக்கொண்டே போய், 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகள் இருக்கும் இடத்தில் புரோகிராம் தொடங்குகிறது என்று பயாஸ் புரிந்துகொள்ளும். சாட்டா கார்டாக இருந்தால் அந்த புரோகிராம் தன் போர்ட்டுகளில் டிஸ்க் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக் காத்திருக்கும். நெட்வொர்க் கார்டாக இருந்தால் நெட்வொர்க் வழியாக பூட் செய்ய முடியுமா என்று சர்வர் தேடும். வீட்டில் அப்படி ஒரு சர்வர் இருக்காது. தேடி ஓயும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், முழுத்திரை லோகோவை அணைத்துவிடுங்கள். மறைந்திருந்த வரிகள் அப்போது தெரியும். மார்வெல் சிப் உள்ள கார்டு என்றால் அதன் பெயரும் பதிப்பு எண்ணும் வந்து நிற்கலாம். எல்எஸ்ஐ கார்டு என்றால் எம்பிடி சாஸ் பயாஸ் என்ற தலைப்பின் கீழ்ப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும். எந்த வரி அதிக நேரம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

அந்தக் கார்டில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகவில்லை என்றால் ஆப்ஷன் ராம் நமக்குத் தேவையே இல்லை. விண்டோஸ் எழுந்தபின் தன் டிரைவர் மூலம் டிஸ்க்குகளைத் தானே கண்டுகொள்ளும். பயாஸில் 'ஆப்ரோம்' (ஆப்ஷன் ராமின் சுருக்கம்) என்ற சொல் வரும் பகுதியைத் தேடுங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். ஸ்டோரேஜ் என்ற வரியில் 'டு நாட் லாஞ்ச்' என்றும், நெட்வொர்க் வரியிலும் அதேபோலவும் வையுங்கள். 'நெட்வொர்க் ஸ்டாக்' என்று தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். வீடியோ வரியைத் தொடவே கூடாது. திரையே வராமல் போகலாம். சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்தாலும் நேரம் குறையும், ஆனால் முதலில் 'எம்எஸ்இன்ஃபோ32' திறந்து பயாஸ் மோட் என்ற இடத்தில் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறதா பாருங்கள். லெகஸி என்று இருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸ் பூட் ஆகாது. மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது மிக நல்லது.

பயாஸ் நேரம் சரியாக இருந்து, லினக்ஸில் கெர்னல் நேரம் மட்டும் ஏறியிருந்தால் விவகாரம் வேறு. ஏஎஸ்மீடியா நிறுவனத்தின் ஏஎஸ்எம்1166 சிப் இன்று பல 6 போர்ட் கார்டுகளில் இருக்கிறது. அதில் உண்மையில் இருப்பவை 6 போர்ட். ஆனால் தன்னிடம் 32 போர்ட் இருப்பதாக அது கெர்னலிடம் சொல்கிறது. 'டிமெசேஜ்' பதிவைப் பார்த்தால், இல்லாத போர்ட்டுகளுக்கெல்லாம் 'சாட்டா லிங்க் டவுன்' என்று வரிசையாக வரிகள் வந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்தான் நேரம் போகிறது. 2024இல் லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒரு திருத்தம் வந்தது: இந்தச் சிப்பின் போர்ட் எண்ணிக்கையை 6 என்று அடக்கிவிட்டார்கள். சில வாரங்களிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர் இருக்கும் கார்டுகளில், அந்த 'இல்லாத' போர்ட்டுகள் வழியாகத்தான் டிஸ்க்குகள் வந்துகொண்டிருந்தன. திருத்தம் அவற்றை மறைத்துவிட்டது. டிஸ்க் காணாமல் போவதைவிட பூட் தாமதமாவது மேல் என்று அவர்கள் முடிவெடுத்தது சரியே. கார்டு தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் தந்திருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம். 10 போர்ட், 16 போர்ட் என்று மலிவாக வரும் கார்டுகளில் பெரும்பாலும் இந்த மல்டிபிளையர் ஏற்பாடுதான். என் கருத்தில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

சோதனையில் ஒரு டிஸ்க் மாட்டிக்கொண்டதா? முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். சி7 என்ற வரியின் எண் ஏறிக்கொண்டே போனால் கேபிளோ இணைப்போ சரியில்லை. 05, சி5 வரிகளில் எண் இருந்தால் டிஸ்க்கே கெட ஆரம்பித்துவிட்டது. அந்த நிமிடமே பூட் வேகத்தை மறந்துவிட்டு, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் அதில் இருக்கிறது என்று நினைத்து, முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். புதிதாக நான்கைச் சேர்த்தால் அந்த ஒரு கணத்தில் 100 வாட் அளவுக்குக் கூடுதல் சுமை. பழைய எஸ்எம்பிஎஸ் தடுமாறினால் டிஸ்க் மறுபடி மறுபடி தொடங்கப் பார்க்கும். 'டிக் டிக்' என்று காதிலேயே கேட்கும்.

பழைய சிஸ்டத்திலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் அதில் பழைய விண்டோஸும் இருக்கலாம். பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' உங்கள் எஸ்எஸ்டியின் பெயரோடு முதலிடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழலும் புள்ளிகள் வந்தபிறகுதான் தாமதம் என்றால் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 129 என்ற எண்ணைத் தேடுங்கள். டிஸ்க் பதில் சொல்லாததால் கன்ட்ரோலரை விண்டோஸ் ரீசெட் செய்தது என்பதன் பதிவு அது. கேபிளும் டிஸ்க்கும் நன்றாக இருந்தும் அது தொடர்ந்தால் டிரைவரை மாற்றுங்கள்: கார்டு நிறுவனத்தின் டிரைவர் இருந்தால் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவருக்கு, பொது டிரைவர் இருந்தால் கார்டு நிறுவனத்தின் டிரைவருக்கு.

இந்த வேலைகளுக்கு நடுவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், சில கார்டுகளோடு 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?' என்று ஒரு பெட்டி வரலாம். ஓகே கொடுத்தால் பார்ட்டிஷன் விவரம் போய்விடும். பெட்டியை மூடிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி மதர்போர்டின் போர்ட்டில் நேரடியாக மாட்டி, ஃபைல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் எல்எஸ்ஐ கார்டுகளின் பயாஸைக் கன்ட்ரோல்-சி அழுத்தித் திறந்து, 'பூட் சப்போர்ட்' என்பதை டிஸேபிள்ட் ஆக்கலாம். அதன்பிறகும் கொஞ்சம் நேரம் எடுத்தால், டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் ஏற்பாடு அதில் இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்பதற்காகவே அது இருக்கிறது. அந்தச் சில விநாடிகளை விட்டுவிடுங்கள். அவசரமாக வேண்டுமென்றால் இரவில் ஷட்டவுனுக்குப் பதில் ஸ்லீப்பில் போடுங்கள்.