பருவநிலை ஒப்பந்தமும் தொழில் துறையின் கணக்கும்

பருவநிலை மாற்றம் குறித்துப் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று உருவாகும்போதெல்லாம், 'தொழில் துறை எதிர்க்கிறது' என்ற செய்தியும் உடன் வருகிறது. ஆனால், தொழில் துறை ஒரே குரலில் பேசியதில்லை. செலவு எவ்வளவு என்பதோடு, போட்டியாளரும் அதே சுமையை ஏற்பாரா என்பதையும் ஒவ்வொரு நிறுவனமும் கணக்கிடுகிறது. பெரும்பாலும் இரண்டாவது கணக்கே அதன் நிலைப்பாட்டைத் தீர்மானிக்கிறது.

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற அறிவியலாளர்கள் எச்சரித்தனர். வெப்பத்தைத் தேக்கிவைக்கும் வாயுவும்கூட அது. அதை உலகிலேயே அதிகமாக உற்பத்தி செய்த அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம், கட்டுப்பாடுகளைப் பல ஆண்டுகள் எதிர்த்தது. 1986-இல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதாக அறிவித்தது.

காரணம் எளிது. மாற்றுப் பொருளை உருவாக்கும் ஆற்றல் அந்நிறுவனத்துக்கு இருந்தது. ஆனால், அதன் விலை அதிகம். மலிவான பழைய வாயுவை எல்லா நாடுகளும் கைவிட்டால்தான் புதியது விற்பனையாகும். 1987-இல் மாண்ட்ரியல் நெறிமுறை கையொப்பமானது. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், 1990-இல் ஆலைகளை மாற்றியமைக்கத் தனி நிதியமும் கிடைத்தன. அதன் பின்னரே, 1992-இல் இந்தியா அதில் இணைந்தது.

கியோட்டோ நெறிமுறையின் கதை வேறு. தொழில் வளம் பெற்ற நாடுகளுக்கு மட்டுமே அது கட்டாய இலக்கு விதித்தது. வளிமண்டலத்தை நெடுங்காலம் மாசுபடுத்தியவர்கள் முதலில் பொறுப்பேற்பதே நியாயம். எனினும், ஆலைகள் வளரும் நாடுகளுக்கு இடம்பெயரும் என்று அமெரிக்க நிறுவனங்கள் வாதிட்டன. வளரும் நாடுகளுக்கு இலக்கு இல்லாத ஒப்பந்தத்தை ஏற்கலாகாது என்ற தீர்மானம், 1997 ஜூலையில் அமெரிக்க செனட் சபையில் 95-0 என நிறைவேறியது.

அப்போதும் தொழில் துறை பிளவுபட்டே இருந்தது. கியோட்டோவை எதிர்த்த 'உலகளாவிய பருவநிலைக் கூட்டணி'யிலிருந்து 1997-இல் பி.பி., 1998-இல் ஷெல், 1999-இல் ஃபோர்டு ஆகியவை விலகின. 2002-இல் கூட்டணியே கலைந்தது. 2017-இல் பாரீஸ் ஒப்பந்தத்தில் அமெரிக்கா நீடிக்க வேண்டும் என்று எக்ஸான்மொபில் வலியுறுத்தியது. நிலக்கரி பின்வாங்கினால், அதைவிடக் குறைவாகக் கரியமில வாயுவை வெளியிடும் இயற்கை எரிவாயுவுக்குச் சந்தை பெருகும் என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

நிச்சயமின்மையும் ஒரு செலவே. மின் நிலையம் முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கருதி அமைக்கப்படுகிறது. பாரீஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020-இல் விலகிய அமெரிக்கா, 2021-இல் திரும்பியது. 2025-இல் மீண்டும் விலகல் உத்தரவு பிறப்பித்தது. விதி இப்படி மாறிக்கொண்டிருந்தால் எந்த முதலீட்டாளர் துணிந்து பணம் போடுவார்? வறட்சி, வெள்ளத்தால் ஏற்படும் இழப்போ மாசுபடுத்தும் நிறுவனத்தின் வரவு-செலவுக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. அதை விவசாயியும் மீனவரும் சுமக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இது பழங்கதையல்ல. மாண்ட்ரியல் நெறிமுறையின் 2016-ஆம் ஆண்டு கிகாலி திருத்தத்தின்படி, குளிர்சாதனங்களில் இப்போது பயன்படும் ஹைட்ரோஃபுளூரோகார்பனின் பயன்பாட்டை நாம் 2028-இல் உச்சவரம்புக்குள் நிறுத்தி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். பெரு நிறுவனங்கள் இம்மாற்றத்திலும் லாபம் காணக்கூடும். சிறு உற்பத்தியாளருக்கும் தெருமுனைப் பழுதுநீக்குநருக்கும் பேச்சுவார்த்தை மேசையில் இருக்கை இல்லை. புதிய கருவிகளுக்கும் பயிற்சிக்கும் உரிய நிதி அவர்களைச் சென்றடைவதை அரசு இப்போதே உறுதிசெய்ய வேண்டும்.