எபிசோட்: தோலைத் தைக்கும்போது நூலை எவ்வளவு இழுக்கணும்?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சற்றே சுருக்கியது)

போன வருஷம் சாரல் சீசன்ல நான் அச்சன்புதூர் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவோட தோல் செருப்புல மேல்வார் பிரிஞ்சு கிடந்துச்சு. பெங்களூர்ல ரெண்டு பர்ஸ் தைச்ச தைரியத்துல, "நானே தைச்சுத் தாரேன்பா"ன்னு உக்காந்துட்டேன். பிரியவே கூடாதுன்னு ஒவ்வொரு தையலையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன். பார்க்க நல்லா உறுதியா இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அப்பா பெருவிரல் பக்கத்துல ஒரு கொப்புளம். பார்த்தது அம்மா. அப்பாவுக்குத் தெரியவே இல்ல. பல வருஷமா சர்க்கரை, பாதத்துல உணர்ச்சி குறைவு. நான் இறுக்கின இடத்துல வாரோட உள்பக்கம் தோல் சுருங்கி, வரப்பு மாதிரி எழும்பி நின்னு, நடக்க நடக்க உரசியிருக்கு. புண் ஆற மூணு வாரம் ஆச்சு.

இந்த ஆபத்து நம்ம ஊர் மருத்துவத்துக்குப் புதுசு இல்ல. 1946-ல இந்தியாவுக்கு வந்து வேலூர் சி.எம்.சி.யில வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட கால் புண்ணுக்குப் பெரிய காரணம் வலி தெரியாததுதான்னு காட்டினார். மெத்துன்னு இருக்கிற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு அங்கதான் முக்கியமாச்சு. உணர்ச்சி இல்லாத காலுக்குச் செய்யிற செருப்புல ஆணி கூடாதுங்கறதும் அதனாலதான். ஒரு சின்ன மேடுகூட அங்க பெரிய விஷயம்.

செருப்பைத் தூக்கிக்கிட்டு தென்காசில செருப்புத் தைக்கிற அண்ணாச்சிகிட்ட போனேன். கட்டைவிரலால தடவிப் பார்த்துட்டு, "தம்பி, நூலு தோலைப் புடிக்கணும், கடிக்கக் கூடாது"ன்னார்.

அப்போ சரியான இறுக்கம் எது?

கையால தைக்கிற முறைல ஒரே நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி இருக்கும். ஒவ்வொரு துளையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா கடக்கும். இதோட பலமே அந்த அமைப்புதான்: ஒரு தையல் அறுந்தாலும் மத்தது சட்டுன்னு பிரியாது. அதனால முரட்டு இழுப்பு தேவையே இல்ல.

முதல்ல தொய்வை எடுங்க. அப்புறம் ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல இழுங்க. நூல் தோல் மேல படிஞ்சு உக்காந்ததும் நிறுத்திடணும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலா இழுத்தா தையல் வரிசை கோணிடும்.

சோதிக்க நகம் போதும். நூலை நகத்தால தூக்க முடிஞ்சா தளர்வு. துளையைச் சுத்தி சுருக்கம் விழுந்தா, ஓரம் அலை அலையா வந்தா, துளை நீண்டு போனா, அது அதிக இறுக்கம். ரொம்ப மெல்லிய நூலும் தோலை அறுக்கும்.

தோலும் முக்கியம். ஆவாரம்பட்டை மாதிரி தாவரப் பொருள்ல பதனிட்ட தோல் விறைப்பா இருக்கும், கொஞ்சம் இழுப்பைத் தாங்கும். குரோம்ல பதனிட்டது மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் சுருங்கும். ஈரமான தோல் இன்னும் இளகிடும், நூல் ஆழமா இறங்கிடும். நான் சாரல்ல நனைஞ்ச செருப்பைக் காயவிடாம தைச்சதும் தப்புதான்.

நூலுக்குத் தேன்மெழுகு தேய்ங்க. துளையில ஒட்டி நிக்கும். அடுத்த தையல் போடுறதுக்குள்ள முந்தினது தளராது.

அண்ணாச்சி வச்சிருக்கிறது நுனியில கொக்கி இருக்கிற குத்தூசி. அதுல மேல் நூலும் கீழ் நூலும் தோலோட நடுவுல கோத்துக்கணும். மேல் நூலை அதிகமா இழுத்தா கீழ் நூல் மேல எட்டிப் பார்க்கும். கருவி வேற, கணக்கு ஒண்ணுதான்.

வீட்டுல செஞ்சு பாருங்க

ரெண்டு துண்டுத் தோலைச் சேர்த்து 15 தையல் போடுங்க. முதல் அஞ்சு தளர்வா, அடுத்த அஞ்சு படியிற அளவுக்கு, கடைசி அஞ்சு பலமா. இப்போ வளைச்சுப் பாருங்க, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பக்கமும் விரலால தடவுங்க. நடுவுல இருக்கிற அஞ்சுதான் உங்க அளவு. அந்த இழுப்பைக் கை ஞாபகம் வச்சுக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப போடுங்க.

அப்பா செருப்பை அண்ணாச்சி பிரிச்சு, புதுசா துளை போட்டு, என்னையே தைக்க வச்சார். முடிச்சதும் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துட்டுத்தான் கையில கொடுத்தார். உங்க வீட்டுலயும் சர்க்கரை உள்ளவங்க இருந்தா, செருப்போட உள்பக்கத்தையும் அவங்க பாதத்தையும் தினமும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.