சூளைக்கு முன்னே வரும் கணக்கு

திருமுதுகுன்றம் என்ற பழம்பெயரால் தேவாரத்தில் போற்றப்பெற்ற விருத்தாசலத்திலே, இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்ற வரலாற்றை அறியாத தமிழர் சிலரே இருப்பர். அந்த வரலாற்றில் பலரும் கவனியாது விட்டுவிடும் நுட்பம் ஒன்றுண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் அதிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்ட சுந்தரர், குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்து, மாற்றுக் குறையவில்லை என்று தெளிந்த பிறகே ஏற்றுக்கொண்டதாகப் பெரிய புராணம் கூறுகிறது. தெய்வத்தையே தோழராகப் பெற்றிருந்தவர்கூட, போட்ட சரக்குக்கும் வந்த சரக்குக்கும் கணக்குப் பார்க்கத் தவறவில்லை.

அந்தப் பழம்பதி இக்காலத்தில் பீங்கானுக்குப் பெயர்பெற்று விளங்குகிறது. பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுப்பதற்காக 1956ஆம் ஆண்டில் ஸ்தாபனம் தோன்றிய நெய்வேலி இவ்வூருக்கு அண்மையில் இருப்பதும், அங்கே நிலக்கரிக்கு மேலுள்ள படலங்களில் பீங்கானுக்கு உகந்த வெண்களிமண் அகப்படுவதும், ரயில் சந்திப்பாகிய இவ்வூரிலிருந்து நான்கு திசைக்கும் சரக்கனுப்ப வசதி இருப்பதும், பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிற்சி நிறுவனமும் இங்கே அமைந்ததும் சேர்ந்து, சிறு பட்டறைகள் பலவற்றை இங்கே வளர்த்தன. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர், வீட்டு மின்பலகைகளில் நாம் காணும் வெள்ளை நிறக் கிட்காட் ஃபியூஸ் ஆகியவை இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளிவரும் சரக்குகளிற் சில.

இத்தகைய பட்டறை ஒன்றை நடத்துவோருக்கு மண்ணைப் பிசைவதும் சூளையை மூட்டுவதும் பழகிப்போன வித்தைகள். அவரை இரவில் உறங்கவிடாமல் செய்வது வேறொரு விஷயம்: எந்தப் பொருளை, எத்தனை, எப்போது வாங்குவது, எப்போது செய்வது என்ற கேள்வி. களிமண் மலையாகக் குவிந்திருக்கும் நாளில் ஃபியூஸுக்கு வேண்டிய பித்தளைத் துண்டு இல்லாமற் போவதும், பித்தளை வந்து சேரும் நாளில் அதை வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவேண்டிய தவணை வந்து நிற்பதும் இத்தொழிலில் புதுமையன்று. இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை காண்பதற்காகப் பெரிய தொழிற்சாலைகள் கையாளும் முறைக்கு மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் என்று பெயர், எம்.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயர் பயமுறுத்தினாலும் தத்துவம் எளியது.

நம் ஊர்க் கல்யாணத்துத் தலைமைச் சமையற்காரரிடம் ஐந்நூறு இலை என்று சொன்னால் போதும். அரிசி இத்தனை மூட்டை, துவரம்பருப்பு இத்தனை கிலோ, வாழையிலை இத்தனை கட்டு என்று ஜாபிதாவை மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார். அழைப்பிதழுக்கு இணங்கி எத்தனை பேர் வருவார்கள் என்பதைத்தான் ஊகிக்கவேண்டும். அந்த ஊகம் ஒன்று அமைந்துவிட்டால் அதன்பின் மிளகுக்கும் உப்புக்கும் தனித்தனியே ஊகம் தேவையில்லை, யாவும் பெருக்கல் கணக்கே. தொழிற்சாலையிலும் அப்படியே, விற்பனைக்குப் போகும் முழுப்பொருளின் தேவை சந்தையைப் பொறுத்தது; அதன் உறுப்புகளின் தேவையோ முழுப்பொருளைப் பொறுத்தது. முன்னதை மதிப்பிட வேண்டும். பின்னதைக் கணக்கிட்டாலே போதும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆறு வாரத்திற்குள் 10,000 ஃபியூஸ் வேண்டுமென்று பட்டறைக்கு ஓர் ஆர்டர் வருகிறது. ஒவ்வொரு ஃபியூஸுக்கும் பலகையில் பதியும் பீங்கான் அடிக்கட்டை ஒன்று, கையால் பிடித்துச் செருகும் பீங்கான் கைப்பிடி ஒன்று, மின்சாரம் பாயும் பித்தளைத் தகடு நான்கு என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் 1,500 ஃபியூஸ் முழுமையாகச் செய்து கிடக்கின்றன. ஆகவே புதிதாகப் பூட்டவேண்டியவை 8,500. வெந்து முடிந்த அடிக்கட்டைகள் 1,700 கையிருப்பில் உள்ளமையால் இன்னும் 6,800 நல்ல அடிக்கட்டைகள் தேவை. கைப்பிடியோ ஒன்றும் இல்லை, 8,500உம் புதிதாக வேண்டும். சூளைக்குள் போகும் நூற்றில் எண்பத்தைந்தே பழுதின்றி வெளிவரும் என்று அனுபவம் சொல்லுமானால், 8,000 அடிக்கட்டைகளையும் 10,000 கைப்பிடிகளையும் அச்சில் அழுத்தியாக வேண்டும். அடிக்கட்டைக்கு 100 கிராம், கைப்பிடிக்கு 60 கிராம் மண் என்றால் மொத்தம் 1,400 கிலோ கலவை. அதில் பாதி களிமண், கால் பங்கு குவார்ட்ஸ், கால் பங்கு ஃபெல்ஸ்பார் என்ற விகிதப்படி 700, 350, 350 கிலோ. பித்தளைத் தகடு 34,000 வேண்டும். 9,000 கையிலும் 5,000 வழியிலும் இருப்பதால் வாங்கவேண்டியவை 20,000.

இதுவரை செய்தது எத்தனை என்ற கணக்கு. எப்போது என்ற கணக்கில்தான் இம்முறையின் விசேஷம் அடங்கியிருக்கிறது. முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். பூட்டிப் பெட்டியில் அடுக்க ஒரு வாரம் என்றால் அது ஆறாவது வாரம். சூளையில் அடுக்கி, 1,200 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டு, ஆறவிட்டுப் பிரித்தெடுப்பது ஐந்தாவது வாரம். அச்சில் அழுத்துவதும் உலர்த்துவதும் மெருகுப்பூச்சில் தோய்ப்பதும் மூன்றாவது நான்காவது வாரங்கள். மண்ணை அரைத்துக் கலந்து பக்குவப்படுத்துவது இரண்டாவது வாரம். ஆகவே களிமண்ணும் மற்றவையும் முதல் வாரத்துக்குள் வந்து இறங்கவேண்டும். பித்தளை தேவைப்படுவதோ ஆறாவது வாரத்தில்தான். கொடுப்பவர் மூன்று வாரத்தில் அனுப்புவார் என்றால் மூன்றாவது வாரத்தின் தொடக்கத்தில் ஆர்டர் கொடுத்தால் போதும். ஆர்டர் வந்த உற்சாகத்தில் முதல் வாரமே கொடுத்தால் அந்தப் பணம் இரண்டு வாரம் அலமாரியில் தூங்கும். நான்காவது வாரம் வரை மறந்திருந்தாலோ, வெந்த பீங்கான் பித்தளைக்காகக் காத்துக் கிடக்கும்.

இக்கணக்கைப் போடாத காலத்தில் உலகமெங்கும் கையாண்ட முறை வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கீழெல்லையை வகுத்துக்கொண்டு, கையிருப்பு அந்த எல்லையைத் தொட்டதும் மறுபடி வாங்குவது வழக்கம். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறையும் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913ஆம் ஆண்டிலேயே ஒரு சூத்திரம் எழுதினார். கடையில் உப்பும் சோப்பும் விற்போருக்கு அது உதவும். ஒன்றோடொன்று பிணைந்த உறுப்புகளைச் சேர்த்துப் பொருள் செய்வோருக்கோ, தேவையில்லாதது நிறைந்தும் தேவையானது குறைந்தும் கிடக்கும் அவலத்தை அது தீர்க்கவில்லை. ஆயிரக்கணக்கான உறுப்புகளுக்கு வாரந்தோறும் பெருக்கிக் கழித்துப் பின்னோக்கி எண்ணுவது குமாஸ்தாக்களால் ஆகாத காரியம் என்பதால், வழி தெரிந்தும் யாரும் அதில் நடக்க இயலவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பின்னர் அத்தடை நீங்கியது. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் ஓர்லிக்கி, 1960களின் தொடக்கத்தில் கேஸ் என்ற டிராக்டர் உற்பத்தி ஸ்தாபனத்தில் இக்கணக்கை யந்திரத்தில் ஏற்றினார். கைக்கருவிகள் செய்யும் பிளாக் அண்ட் டெக்கர் 1964இல் இம்முறையைக் கைக்கொண்டது. ஓர்லிக்கி 1975இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு மூலநூலாகவே ஆகிவிட்டது.

எனினும் அந்த முதற்கணக்கில் ஒரு குறை இருந்தது. யந்திரங்களுக்கும் ஆட்களுக்கும் எல்லையே இல்லை என்று அது எண்ணிக்கொண்டது. விருத்தாசலத்துப் பட்டறைக்காரர் இதைக் கேட்டால் நகைப்பார். சூளையின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு தடவைக்குச் சுடமுடியும். பாதி நிறைந்த சூளையை மூட்டினாலும் எரிபொருள் ஏறக்குறைய முழுதும் செலவாகும். மூட்டிய பின் அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்றுப் பட்டுப் பீங்கான் விரிசல் விடும். ஆகவே சூளை எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு தாங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். யந்திரத்தின் சக்தி, ஆட்களின் நேரம், பணத்தின் வரத்து ஆகியவற்றையும் சேர்த்துத் திட்டமிடும் விரிந்த முறையை ஆலிவர் வைட் முதலியோர் பரப்பினர். அது இரண்டாவது எம்.ஆர்.பி. என்று வழங்கலாயிற்று.

அடுத்த படியில், விற்பனை, கொள்முதல், கிடங்கு, சம்பளம், வரவுசெலவு யாவற்றையும் ஒரே பேரேட்டின் கீழ்க் கொண்டுவரும் ஏற்பாடு தோன்றியது. நிறுவன வளத் திட்டமிடல் எனப்படும் இதைத்தான் ஈ.ஆர்.பி. என்று 1990 முதல் அழைத்து வருகிறார்கள். கொள்முதல்காரர் ஒரு மூட்டை களிமண்ணை இறக்கியதாகப் பதிந்த மறுகணமே கிடங்கின் இருப்பு கூடுவதும், கடன்காரர் கணக்கில் தொகை ஏறுவதும், உற்பத்தித் திட்டம் தன்னைத் திருத்திக்கொள்வதும் இதன் சிறப்பு. ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறிய ஐந்து பேர் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய சாப் இத்துறையில் உலகப்புகழ் பெற்றது. தமிழ்நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. ராஜபாளையத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ராம்கோ குழுமத்தின் சென்னை ஸ்தாபனமான ராம்கோ சிஸ்டம்ஸ், 1990களில் மார்ஷல் என்ற பெயரில் இத்தகைய மென்பொருளை இங்கிருந்தே ஆக்கி அளித்தது. சிறு தொழில் நடத்துவோருக்குப் பழக்கமானதோ, 1986இல் தோன்றிய டாலி என்ற கணக்கு மென்பொருள். 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும், அதுவரை நோட்டுப் புத்தகமே போதுமென்றிருந்த பட்டறைகளும் கம்ப்யூட்டரின் துணையை நாடவேண்டியதாயிற்று.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள கருவியை வாங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. அமெரிக்காவின் புகழ்பெற்ற சாக்லெட் ஸ்தாபனமாகிய ஹெர்ஷி, 1999ஆம் ஆண்டில் பெரும்பொருள் செலவிட்டுப் புதிய ஏற்பாட்டை நிறுவி, மிட்டாய் விற்பனை உச்சமடையும் ஹாலோவீன் பண்டிகைக்குச் சற்று முன்பாக அதை இயக்கத் தொடங்கிற்று. விளைவு என்னவெனில், சரக்கு கிடங்கில் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் பெறுமானமுள்ள ஆர்டர்களைக் கடைகளுக்கு உரிய காலத்தில் அனுப்ப இயலாமற் போயிற்று. நெரிசலான காலத்தில் அங்கங்கே தற்காலிகமாக அடுக்கி வைக்கும் சரக்கு புதிய கணக்கில் ஏறாதிருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த பெட்டி கணக்குக்குத் தெரியவில்லை. கணக்குக்குத் தெரியாததை யந்திரம் இல்லாததாகவே கொண்டது.

பீங்கான் தொழிலில் இந்த அபாயம் இன்னும் நுட்பமானது. ஆணியையும் தகட்டையும் எண்ணிவிடலாம். மண்ணோ மழையில் நனைந்தால் எடை கூடும், வெயிலில் உலர்ந்தால் குறையும். உலர்தலிலும் சூட்டிலும் பொருள் நீளத்தில் பத்தில் ஒரு பங்களவு சுருங்கும். மண் மாறினால் சுருக்கமும் மாறும். சென்ற மாதம் நூற்றுக்குப் பதினைந்தாக இருந்த சேதம் இம்மாதம் இருபத்தைந்தாக ஏறியிருக்க, பழைய எண்ணையே வைத்துக்கொண்டு கணக்கிட்டால், மேற்சொன்ன உதாரணத்தில் ஆயிரம் கைப்பிடிகள் குறைந்துபோகும். உடைந்ததைச் சொன்னால் முதலாளி கோபிப்பார் என்று அஞ்சித் தொழிலாளி மறைத்து விடுகிற பட்டறையில், எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் பொய்யைத்தான் பெருக்கிக் காட்டும். ஆகவே உடைவை ஒளிக்காமல் எழுதும் வழக்கம் வேண்டுமானால், உடைவுக்காக ஏசாத குணம் முதலாளிக்கு முதலில் வேண்டும்.

சூளை திறந்தவுடன் உள்ளே போனது எத்தனை, நல்லதாக வந்தது எத்தனை, விரிசல் எத்தனை, வளைவு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுவதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் என்னென்ன எவ்வளவு சேர்கிறது என்ற பட்டியல், கையிருப்பு எவ்வளவு என்பதை வாரம் ஒருமுறை கையாலேயே எண்ணிச் சரிபார்த்த கணக்கு, எது எத்தனை நாளில் வந்து சேரும் என்ற அனுபவக் குறிப்பு ஆகிய மூன்றும் உண்மையாக இருந்தால், நவராத்திரிக்குக் கொலு பொம்மையும் கார்த்திகைக்கு அகல் விளக்கும் குறித்த நாளில் சந்தை சேர அவையே போதுமானவை. பீங்கான் தயாரிப்பில் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவும் ஓடு தயாரிப்பில் குஜராத்தின் மோர்பியும் பெருமளவில் ஓங்கி நிற்க, வீடுகளில் கிட்காட் ஃபியூஸின் இடத்தை எம்.சி.பி. ஸ்விட்சுகள் பற்றிக்கொண்டு வர, விருத்தாசலத்துச் சிறு பட்டறைக்கு வீண் சரக்கில் முடக்கப் பணமில்லை.

ஆதலால் இவ்வூர்ப் பீங்கான் பயிற்சி நிறுவனத்தார் மண்ணின் ரசாயனத்தையும் சூளையின் வெப்பத்தையும் கற்பிப்பதோடு, இந்தத் திட்டக் கணக்கையும் மாணாக்கர்க்கு முறையாகப் பயிற்றுவிப்பார்களாக. பட்டறை நடத்துவோரும், மென்பொருள் விற்க வருபவரிடம் விலை கேட்குமுன், தங்கள் நோட்டுப் புத்தகத்தை ஓராண்டு பொய்யின்றி எழுதிப் பார்க்கட்டும். அந்த நோட்டு உண்மையானால், அதைத் தொடர்ந்து வாங்கும் எந்த யந்திரமும் பயன் தரும். அது பொய்யானால், வாங்கிய யந்திரம் கடன் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேரும்.