கல் சொல்வதும் கதை சொல்வதும்

நாடகம் முடிந்தது. கொட்டகையிலே கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. இராசராசனாக வேடம் தாங்கிய தோழரைத் தோளிலே தூக்காத குறை! எழுதியது நாம்; பூரிப்பும் நமக்கு. போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீரைக் கையிலே எடுத்தோம். மிளகாய் மண்டியிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கள், தோழரே!"

"பாசறையிலே சிப்பாய் பழைய சோத்துக்குப் பச்சை மிளகாயைக் கடிக்கிறானே! மிளகாய் பறங்கிக்காரன் கப்பல்லே வந்த சரக்குன்னு எங்க மண்டியிலே சொல்லுவாங்க. சோழ ராசா காலத்திலே அது ஏதுண்ணே?"

தேநீர் சுட்டது. தேநீர் மட்டுமா சுட்டது?

அவர் சொன்னதுதான் சரி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசு அந்தப் பக்கம் கால் வைத்தது 1492இல். வாசுகோடகாமா கோழிக்கோடு வந்தது 1498இல். அதற்குப் பிறகுதான் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் நம் மண்ணுக்கு வந்தது. இராசராசன் அரியணை ஏறியதோ 985இல்! ஐந்நூறு ஆண்டுகள் முன்னதாகவே சிப்பாயின் வாயிலே மிளகாயைத் திணித்துவிட்டோம் நாம்! அன்று தமிழன் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கும் அந்த மிளகின் பெயரையே சூட்டி, மிளகாய் என்றான். பெயரிலேயே சேதி இருக்கிறது. பேனா பிடித்த நாம் கவனிக்கவில்லை, மூட்டை சுமந்த தோழர் கவனித்தார். உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, புகையிலை எல்லாம் அதே கண்டத்திலிருந்து வந்தவைதாம். சோழன் சந்தையிலே இவற்றைக் குவித்து வைக்கும் கதையாசிரியர் இன்றும் உண்டு.

"போகட்டும், ஒரு மிளகாய்தானே! குடியா முழுகிவிடும்?" என்று கேட்பார்கள். மிளகாயால் குடி முழுகாது, தோழர்களே! ஆனால் மிளகாயைச் சரிபார்க்காத கை, கொலைப் பழியையும் சரிபார்ப்பதில்லை. அங்கேதான் ஆபத்து.

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தம் வார ஏட்டிலே எழுதிய 'பொன்னியின் செல்வன்' தெரியாதவர் யார்? 2022இலும் 2023இலும் இரு பாகமாகத் திரைக்கும் வந்தது. அவருடைய அரசியல் வேறு, நம் அரசியல் வேறு. ஆனாலும் அவரது உழைப்பை மறைப்பது நாணயமாகாது. நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாற்றையும், சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தையும் படித்தார், கதை நடக்கும் ஊர்களுக்குப் போய்ப் பார்த்தார், பிறகே எழுதினார். வந்தியத்தேவன் அவர் படைத்த ஆள் அல்லன். குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. நந்தினியோ முழுக்க முழுக்க அவர் கற்பனை. அது கதையாசிரியனுக்கு உள்ள உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது.

குறை படிக்கிறவர்களிடம், நம்மிடம்! நந்தினிக்கும் வந்தியத்தேவனுக்கும் வேற்றுமை தெரியாமல், இரண்டையும் வரலாறு என்று மேடையிலே முழங்குகிறோமே, அது குறை.

அந்தக் கதையின் உயிர்முடிச்சு என்ன? ஆதித்த கரிகாலன் கொலை. ஏறத்தாழ 970ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது. கொன்றவர் யார்? இன்னார்தாம் என்று அறுதியிடாமலே விட்டுவிட்டார் கல்கி. கல் என்ன சொல்கிறது?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய சொத்தையும், உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யும்படி ஊர்ச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையைச் சொல்கிறது. அப்படிக் கைப்பற்றிய நிலத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கி அறத்துக்கு எழுதி வைத்ததையும் சொல்கிறது. அவ்வளவுதான். ஏன் கொன்றார்கள்? சொல்லவில்லை. தூண்டியவர் யார்? சொல்லவில்லை.

கல் சும்மா இருந்த இடத்திலே மனிதர் சும்மா இருப்பார்களா?

உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார் நீலகண்ட சாத்திரியார். அவனுக்கு அரசாசை இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது; அவன் ஆண்ட பதினைந்து ஆண்டுக் காலத்தில் கொலைகாரர் தண்டனை பெற்றதாகச் சான்று இல்லை; ஆகவே ஐயம். பண்டாரத்தார் மறுத்தார். இராசராசன் உத்தமன் மகனுக்கு உயர் பதவி கொடுத்தான். அண்ணனைக் கொன்றவன் மகனைத் தம்பி அருகிலே வைத்துக்கொள்வானா என்று கேட்டார். இருவரும் சான்றை மேசைமீது வைத்துப் பேசினார்கள். மேடையிலே என்ன நடக்கிறது? "உத்தமனே கொலைகாரன்!" என்று ஒரே வரியில் தீர்ப்பு! ஆயிரம் ஆண்டுக்கு முன் மாண்டவன் எழுந்து வந்து வழக்காடவா போகிறான்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம்மவர்க்குக் கசக்கும்; ஆனாலும் சொல்லவேண்டும். ரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் பிரமாதிராசன் என்ற பட்டம் இருந்ததைக் கல் காட்டுகிறது. அது அந்தண அதிகாரிகளுக்கு அரசன் வழங்கிய பட்டம். உடனே, "பார்த்தீர்களா! அந்தக் குலமே சதிகாரக் குலம்!" என்று சிலர் கொதிக்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. கல்லா அப்படிச் சொன்னது? கல் குற்றம் சாட்டுவது பெயருள்ள சில மனிதரை. ஒரு குலத்தை அல்ல. அன்றைய அரச நீதி குற்றவாளியின் உறவினரையும் சேர்த்துத் தண்டித்தது. அதைக் கொடுமை என்கிற நாம், ஆயிரம் ஆண்டு கழித்துப் பிறந்தவரையும் சேர்த்துத் தண்டிப்பதா? பிறப்பை வைத்துப் பழிப்பதை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் நாம். நமக்கு இனிக்கிற முடிவைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். கசக்கிற முடிவை மாற்றார் சரிபார்த்துவிடுவார்கள்!

கல்லைப் படிப்பதால் நமக்கு இழப்பா? இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவன் யார் என்பதே ஒரு காலத்தில் மறந்து போயிருந்தது. தலபுராணம் வேறொரு சோழன் பெயரைச் சொல்லிற்று. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த செருமானிய அறிஞர் ஹுல்ஷ், சுவரிலே இருந்த எழுத்தைப் படித்தார். இராசராசன் வெளியே வந்தான்! கட்டுக்கதை மறைத்த தமிழ் மன்னனை மீட்டது கல். அந்தக் கோயிலின் நிழல் தரையிலே விழாது என்று இன்றும் கதைக்கிறார்கள். மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள், நிழல் விழும். பொய்யான சிறப்பு எதற்கு? 1010ஆம் ஆண்டு நிறைவேறிய அந்த விமானத்துக்கு உண்மைச் சிறப்பே போதாதா?

ஆகவே, எழுத வரும் தோழர்களுக்குச் சில சொற்கள். ஆண்டை முதலில் கேளுங்கள். அரசன் பெயர் கல்லில் இருக்கிறதா, செப்பேட்டில் இருக்கிறதா, பின்னால் வந்த புராணத்தில் மட்டும் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். செப்பேடும் அரசனைப் புகழ எழுதியதுதான் என்பதை மறவாதீர்கள். காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு ஒரே இரவில் ஒரே குதிரையை ஓட்டாதீர்கள். குதிரைக்கும் உயிர் உண்டு! உழவைப் பற்றி எழுதினால் உழவரிடம் காட்டுங்கள். தறியைப் பற்றி எழுதினால் நெசவாளரிடம் காட்டுங்கள். கற்பனை செய்யுங்கள், தாராளமாக! எது கற்பனை என்பதை நூலின் கடைசியிலே ஒரு பக்கம் ஒப்புக்கொள்ளுங்கள். படிப்பகத்திலே அந்த நூலைப் புரட்டுகிற தோழரே, அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

நம் நாடகம் அடுத்த ஊரிலும் நடந்தது. சிப்பாய் மிளகாயைக் கடிக்கவில்லை, மிளகுத்தூளைத் தொட்டுக்கொண்டான். கைதட்டல் குறையவில்லை.