பிரைசீஸின் 14 அடிகள்: அக்கிலீஸ் தொன்மத்தின் இரு புதின மீட்டுருவாக்கங்கள்

கிரேக்க வீரத் தொன்மங்களை அடியொற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் புதினங்கள் இந்நூற்றாண்டில் பெருகியுள்ளன. மார்கரெட் அட்வுட்டின் ‘தி பெனலோப்பியாட்’ (2005), டேவிட் மலூஃபின் ‘ரேன்சம்’ (2009), மேடலின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ (2011), பாட் பார்க்கரின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ (2018) ஆகியன அவற்றுள் பரவலாக வாசிக்கப்படுபவை. ஹோமர் பேசவிடாதவர்களை இப்புதினங்கள் பேசவைக்கின்றன என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று பாதியளவே பொருந்தும். மில்லரும் பார்க்கரும் தத்தம் புதினத்திற்குரிய வித்தை, ஹோமர் பேசவிட்ட ஓரிடத்திலிருந்தே எடுத்துள்ளனர் எனக் கருத இடமுண்டு. இலியட்டின் 19ஆம் காண்டத்தில், போரில் கவரப்பட்ட பிரைசீஸ் என்னும் பெண் 14 அடிகளில் அரற்றும் புலம்பலே அவ்விடம். ஒரே புலம்பலிலிருந்து நேரெதிரான இரண்டு அக்கிலீஸ்கள் உருவான முறையை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஹோமரியப் பாடல்களைத் தமிழாய்வுடன் இணைத்த முதன்மையான முயற்சி, 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட க. கைலாசபதியின் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாகும். அவருடைய நாட்டம் வாய்மொழி மரபு, பாணர், வாய்பாட்டுத் தொடர் ஆகியவற்றின்மீது அமைந்தது. இங்கு எழுப்பப்படும் வினா வேறு. எனினும் கலைச்சொல் ஒன்றின் பொருட்டுச் சங்க இலக்கியத்தை நாடவேண்டியுள்ளது. பிரைசீஸ் போன்றோரைப் ‘பணிப்பெண்’ என்று பெயர்த்தால் வன்முறை மறைந்துவிடுகிறது. ‘அடிமை’ என்றால் அவர்கள் அந்நிலையை அடைந்த வழி புலப்படுவதில்லை. பட்டினப்பாலை குறிப்பிடும் ‘கொண்டி மகளிர்’ என்னும் தொடரே மிக நெருங்கியது. பகைவரிடமிருந்து கவர்ந்துவரப்பட்ட மகளிரை அது குறிக்கிறது. மதுரைக்காஞ்சியில் அதே தொடர் பரத்தையரைச் சுட்டுகிறது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். கொள்ளப்பட்டவளும் கொள்ளைகொள்பவளும் ஒரே தொடருக்குள் அடங்கிவிடுவது தற்செயலா என்பது தனி ஆய்வுக்குரியது.

மூலபாடத்தில் பிரைசீஸ்

இலியட்டின் கதை பிரைசீஸால் தொடங்கினும், அவளைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. அவள் அக்கிலீஸின் ‘கெராஸ்’, அதாவது கொள்ளைப்பொருளில் வீரனின் மதிப்புக்கு அடையாளமாகப் படையினர் ஒதுக்கித் தரும் பங்கு. அகமெம்னோன் அவளைப் பறித்துக்கொள்ளும்போது அவள் விருப்பமின்றிச் சென்றாள் என்று முதற் காண்டம் (1.348) ஒரே சொல்லில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஒன்பதாம் காண்டத்தில் அக்கிலீஸ் அவளை மனைவி எனக் குறிப்பிட்டு, ஈட்டியால் வென்றவளேயாயினும் உளமாரக் காதலித்ததாகக் கூறுகிறான் (9.336-343). பட்ரோக்ளஸ் இறந்தபின் அவனே, லிர்னெஸ்ஸஸ் நகரை அழித்த நாளிலேயே இவள் ஆர்ட்டெமிஸின் அம்பால் மாண்டிருக்கலாகாதா என்கிறான் (19.59-60). அகமெம்னோனுடன் சமாதானம் பேசும் அவையில், அனைவரும் கேட்கக் கூறப்பட்ட சொற்கள் இவை.

அதே காண்டத்தில், இருநூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் கடந்து, பிரைசீஸ் பேசுகிறாள் (19.287-300). இறந்தவனை முன்னிலைப்படுத்திப் பேசும் அமைப்பால் இது நம் கையறுநிலைப் பாடல்களை நினைவூட்டும். பட்ரோக்ளஸின் உடல்மீது விழுந்து அவள் அழுகிறாள். ஆனால் சில அடிகளுக்குள்ளாகவே பேச்சு அவனை விட்டு விலகுகிறது. தந்தையும் தாயும் தன்னைக் கொடுத்த கணவன் நகர்முன் வெட்டுண்டு கிடந்ததைக் கண்டேன் என்கிறாள். உடன்பிறந்த மூவரும் மாண்டனர் என்கிறாள். கணவனைக் கொன்றவன் அக்கிலீஸ். அப்பொழுது தன்னை அழவிடாமல் தேற்றிய பட்ரோக்ளஸ், அக்கிலீஸுக்கே மணமுடித்து பித்தியாவுக்கு அழைத்துச் சென்று மணவிருந்து நடத்துவதாக வாக்களித்ததையும் நினைவுகூர்கிறாள். என்றும் மென்மையாக இருந்தவனே என்று இறுதி அடி முடிகிறது.

அடுத்து வரும் ஈரடிகள் (19.301-302) உரையாசிரியர்களை ஓயவிடாதவை. மற்றப் பெண்களும் உடன் அழுதனர்; அழுகை பட்ரோக்ளஸை முன்னிட்டது, ஆயினும் ஒவ்வொருத்தியும் தன் துயரையே அழுதாள் என்பது அவற்றின் பொருள். முன்னிடுதல் என்பதற்கு ஹோமர் ஆளும் சொல்லை ‘சாக்கு’ என்றும் கொள்ளலாம். ‘வாய்ப்பு’ என்றும் கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும், பகைவனுக்கான ஒப்பாரியே தம் இறந்தோருக்காக அழ அப்பெண்களுக்குக் கிட்டிய ஒரே இடம் என்பதை ஹோமர் அறிந்திருந்தார்.

மென்மை என்னும் சொல்

பிரைசீஸைத் தன்மையில் பேசவைத்தவருள் இக்காலத்தவர் முதல்வரல்லர். உரோமக் கவிஞர் ஓவிட் ‘ஹெராய்டெஸ்’ தொகுப்பின் மூன்றாம் மடலை அவள் எழுதியதாக அமைத்தார். கண்ணீரால் அழிந்த எழுத்துகளோடு, தன்னை மீட்க முனையாத அக்கிலீஸை அவள் அதில் கடிந்துகொள்கிறாள். கொன்றவனைக் காதலனாகக் கொள்ளும் வாசிப்பு அம்மடலில் வேரூன்றியது.

மில்லரின் புதினம் பட்ரோக்ளஸின் கூற்றாக அமைந்தது. இறந்தபின்னும், கல்லறையில் தன் பெயர் பொறிக்கப்படும்வரை அவனே கதை சொல்கிறான். அவனும் அக்கிலீஸும் காதலர். ஹோமர் இதை வெளிப்படையாகக் கூறவில்லை. பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ அவ்வாறு கொண்டுள்ளது. ஆகவே மில்லர் புதிதாகப் புனைந்தார் என்பது தவறு. அவர் புனைந்தது வேறிடத்தில் உள்ளது. பிரைசீஸ் முதலான கொண்டி மகளிரை, மற்ற வீரரிடமிருந்து காக்கும் பொருட்டே, பட்ரோக்ளஸின் தூண்டுதலால் அக்கிலீஸ் தன் பங்காகக் கேட்டுப் பெறுகிறான், அவர்களைத் தீண்டுவதில்லை. ‘மென்மையானவன்’ என்னும் அவளுடைய இறுதி அடி ஒரு முழுப் பாத்திரமாக விரிந்துள்ளது. அவ்விரிவு அழகானது, 2012ஆம் ஆண்டின் ஆரஞ்சுப் பரிசை அது பெற்றதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இலியட்டின் ஒன்பதாம் காண்ட முடிவில், அக்கிலீஸ் லெஸ்போஸிலிருந்து கவர்ந்த டயோமீடியுடனும், பட்ரோக்ளஸ் அவன் பரிசளித்த ஐஃபிஸுடனும் உறங்குகின்றனர் (9.663-668). மென்மையானவனுக்கும் ஒரு கொண்டிப் பெண் இருந்தாள். அவ்வடிகளுக்கு மில்லரின் உலகில் இடமில்லை. வீரனை இன்றைய வாசகர் நேசிக்கத்தக்கவனாக்க, ஹோமர் மறைக்காத ஒன்றைப் புதினம் மறைக்கவேண்டியதாயிற்று.

கணவனும் உடன்பிறந்தாரும்

பார்க்கர் அதே புலம்பலின் இடை அடிகளிலிருந்து தொடங்குகிறார். முதல் உலகப்போரை ‘ரிஜெனரேஷன்’ முப்புதினத்தில் எழுதிய அவர், கிரேக்கப் பாசறைக்கு இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலப் படைவீடுகளின் கொச்சையைத் தந்துள்ளார். இக்காலமுரண் சில இடங்களில் செவிக்கு இடறுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. நகரின் வீழ்ச்சியோடு புதினம் தொடங்குகிறது; கூறுபவள் பிரைசீஸ். உடன்பிறந்தாரைக் கொன்றவனை மணந்திருப்பாயா என்னும் வினாவை அவளே எழுப்பி, பெரும்பாலும் மணந்திருப்பேன் என்கிறாள். பொருளாக இருப்பதினின்று மீண்டும் ஆளாவதற்கு அடிமை எதையும் செய்வாள் என்பது அவள் தரும் விளக்கம். ஓவிட் காதல் கண்ட இடத்தில் பார்க்கர் பிழைத்திருக்கும் முனைப்பைக் காண்கிறார். பட்ரோக்ளஸின் வாக்குறுதி இவ்வாசிப்பில் தேறுதலாகவும் கொடுமையாகவும் ஒருங்கே நிற்கிறது. மூலபாடத்திலும் அவ்வாறே நிற்கிறது என்பது எம் கருத்து.

பார்க்கரின் துணிவு முழுமையும் வெளிப்படுவது பிரியாம் வரும் இரவில். மகன் ஹெக்டரின் உடலை மீட்க வந்த முதியவன், மண்ணுலகில் எவரும் செய்யாததைச் செய்தேன், என் மகனைக் கொன்றவனின் கைகளை முத்தமிட்டேன் என்கிறான் (24.505-506). இலியட்டின் உச்சமாகப் போற்றப்படும் இடம் இது. அதைக் கேட்டு நிற்கும் பார்க்கரின் பிரைசீஸ், எண்ணற்ற பெண்கள் செய்ய நேர்ந்ததையே தானும் செய்வதாக எண்ணுகிறாள்: கணவனையும் உடன்பிறந்தாரையும் கொன்றவனுக்கு உடலைக் கொடுப்பது. பிரியாமின் துயர் இதனால் சிறுமைப்படவில்லை. அவனுடைய ‘எவரும்’ என்னும் சொல் ஆடவரை மட்டுமே எண்ணியது என்பது தெளிவாகிறது. இவ்வொப்பீட்டுக்குரிய சான்று முழுவதையும் 19ஆம் காண்டமே தந்துவிட்டது. பார்க்கர் செய்தது, ஐந்து காண்ட இடைவெளியில் கிடந்த இரண்டு கூற்றுகளை அருகருகே வைத்ததே.

ஆயினும் அக்கிலீஸின் ஈர்ப்பினின்று இப்புதினமும் முற்றிலும் விடுபடவில்லை. இடையே சில இயல்கள் படர்க்கையில் அவன் மனத்தைத் தொடர்கின்றன. அவன் கருவைச் சுமந்து, அல்கிமஸுக்கு மணமுடிக்கப்பட்ட நிலையில், இதுவரை சொல்லப்பட்டது அவன் கதையே என்பதைப் பிரைசீஸ் உணர்வதோடு புதினம் முடிகிறது. தோல்வியைத் தானே அறிவிக்கும் நேர்மை அது. ‘தி விமன் ஆஃப் டிராய்’ (2021) அவள் கதையை அதன்பின்னரே தொடர்கிறது.

மூலத்தின் சிறு விளிம்பொன்றைப் பற்றிக்கொள்ளும் இம்முறை பிற புதினங்களிலும் உண்டு. ஒடிசியின் 22ஆம் காண்டத்தில் தூக்கிலிடப்படும் 12 பெண்களை அட்வுட் பாடற்குழுவாக்கினார். மலூஃபோ, பிரியாமின் கோவேறுகழுதை வண்டியை ஓட்டும் ஐடியஸின் இடத்தில் சோமாக்ஸ் என்னும் எளிய வண்டிக்காரனை அமர்த்தி, ஐடியஸ் என்னும் பெயரை அவன்மீது ஏற்றினார்.

பிரைசீஸைப் பொறுத்தவரை ஹோமர் விட்ட விளிம்பு இன்னும் ஒன்று உண்டு. பிரியாமும் அக்கிலீஸும் சேர்ந்து அழுது, உணவருந்தி, ஹெக்டரின் இறுதிச் சடங்குக்கு நாள் குறித்தபின் அனைவரும் உறங்குகின்றனர். அக்கிலீஸ் குடிலின் உட்பகுதியில் உறங்கினான், அழகிய கன்னங்களையுடைய பிரைசீஸ் அவனருகே படுத்திருந்தாள் என்கிறது பாடல் (24.675-676). இலியட்டில் அவள் பெயர் இறுதியாக இடம்பெறுவது இவ்வடியில்தான். அவள் உறங்கினாளா என்பதை ஹோமர் கூறவில்லை.